'கிளெய்ம்' போடவா, 'அசர்ட்' போடவா?

பிறர் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. ஆய்வுக் கட்டுரை, ஆண்டறிக்கை, எப்போதாவது ஒரு வழக்கு மனு. இலக்கணப் பிழையெல்லாம் தானாகவே கண்ணில் பட்டுவிடும். நேரத்தைத் தின்பது வேறொன்று. 'இன்னார் இப்படிச் சொன்னார்' என்று வருகிற இடத்தில் 'செட்' என்று போடாமல் ஆளாளுக்கு ஒரு வினைச்சொல்லைப் போட்டு வைத்திருப்பார்கள். முதல் பத்தியில் அசர்ட், அடுத்ததில் கிளெய்ம், அதற்கப்புறம் மெயின்டெய்ன், இன்சிஸ்ட், கன்டெண்ட், அஃபர்ம். ஏன் என்று கேட்டால், "ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வரக்கூடாதே மேடம்" என்பார்கள். பள்ளியில் யாரோ சொல்லிக் கொடுத்தது.

இன்னொரு நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. இந்த வினைச்சொற்களெல்லாம் மின்விசிறி ரெகுலேட்டர் மாதிரி, ஒன்றில் மெதுவாகவும் ஐந்தில் பலமாகவும் ஓடும் என்று. சொன்னவர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாரோ அந்த எண்ணுக்குத் திருப்பிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சொன்னவரின் குரல் எவ்வளவு ஓங்கியது என்பதைவிட, எழுதுகிற நீங்கள் அவரை நம்புகிறீர்களா என்பதைத்தான் இவை காட்டிக்கொடுக்கின்றன.

ஒரு முனைவர் பட்ட மாணவரின் அத்தியாயம் வந்தது. முன்னோடி ஆய்வுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். மற்றவர்களுக்கெல்லாம் 'ஸ்டேட்ஸ்', 'ரிப்போர்ட்ஸ்' என்று சாதாரணமாகப் போட்டுவிட்டு, தன் வழிகாட்டியின் கண்டுபிடிப்புக்கு மட்டும் 'கிளெய்ம்ஸ்' என்று எழுதியிருந்தார். மரியாதைக்காகச் செய்தது அது. காப்பீட்டில் கிளெய்ம் என்றால் உரிமை கோருவது. ஆகவே உரிமையோடு, அழுத்தமாகச் சொல்கிறார் என்று பொருள் வருமென்று நினைத்திருக்கிறார். ஆனால் ஆய்வுக் கட்டுரையில் அதைப் படிக்கிறவர் காதில் விழுவது, 'கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறார்' என்பதுதான். அந்த 'கொள்கிறார்' செய்கிற வேலையை அப்படியே செய்யும் சொல் கிளெய்ம். போனில் கேட்டேன்: "அந்த முடிவில் உங்களுக்குச் சந்தேகம் இருக்கா?" "ஐயோ, இல்லவே இல்லை மேடம்." சரி, அப்படியானால் 'ஷோஸ்'. அதைப் போட்டால் நீங்களும் அந்த முடிவுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறீர்கள் என்பதையும் சொல்லிவைத்தேன்.

மொழியியலில் இதற்குப் பக்கத்தில் ஒரு கருத்து உண்டு. 1970-இல் பால் கிபார்ஸ்கி, கரோல் கிபார்ஸ்கி இருவரும் எழுதிய கட்டுரையிலிருந்து 'ஃபேக்டிவ்' வினைகள் என்று பேசிவருகிறார்கள். சொல்லப்படுகிற விஷயம் உண்மைதான் என்று எடுத்துக்கொண்டே பேசுகிற வினைகள் அவை. எதிர்மறையாக்கிப் பார்ப்பது ஒரு சோதனை. பாலம் பலவீனமாக இருப்பதை அவர் 'பாயின்ட் அவுட்' செய்யவில்லை என்று எழுதுங்கள்; அவர் வாய் திறக்காவிட்டாலும் பாலம் பலவீனமாகவே இருக்கிறது. 'கிளெய்ம்' செய்யவில்லை என்று எழுதினால், பாலத்தைப் பற்றி நமக்கு எதுவுமே தெரியாது. எதைப் போடுவது என்று தடுமாறும்போது நான் மனதுக்குள் ஒரு 'நாட்' சேர்த்துப் பார்த்துக்கொள்வேன்.

அசர்ட் இந்த 'பாயின்ட் அவுட்', 'கிளெய்ம்' இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஆள். ஆதாரம் மேசைக்கு வரவில்லை, தன்னம்பிக்கை மட்டும் வந்திருக்கிறது. லத்தீன் மூலத்தில் அதற்கு உரிமை கோருகிற பொருள் உண்டு. அடிமையாகப் பிடித்துவைக்கப்பட்ட ஒருவரை இவர் சுதந்திர மனிதர் என்று கோரி வழக்காடுவதற்கும் ரோமானியர்கள் அந்தச் சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். அதனால்தான் உரிமையை அசர்ட் செய்வது இன்றும் கௌரவமாக ஒலிக்கிறது. ஒரு தகவலை அசர்ட் செய்தால் மட்டும் 'சரி, ஆதாரம் எங்கே?' என்ற கேள்வி கூடவே வரும். நிரல் எழுதுகிறவர்களின் அசர்ட் இன்னும் கறார்: சொன்ன நிபந்தனை பொய்யானால் நிரல் அங்கேயே நின்றுவிடும். பைத்தான் என்கிற நிரல்மொழியில் எழுதியதை -ஓ தேர்வோடு ஓட்டினால் அந்த அசர்ட் வரிகளெல்லாம் காணாமல் போய்விடும் என்பது வேறு விஷயம்.

மெயின்டெய்ன் வர வேண்டுமென்றால் முதலில் யாராவது மறுத்திருக்க வேண்டும், அல்லது கொஞ்ச காலமாவது ஓடியிருக்க வேண்டும். யாரும் எதிர்க்காத கருத்துக்கு அதைப் போட்டால் இல்லாத சண்டையை உண்டாக்குகிறீர்கள். தமிழில் 'இன்னும் சாதிக்கிறான்' என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான்.

நான் அதிகமாகப் பேனா வைக்கிற இடம் இன்சிஸ்ட். 'ஷி இன்சிஸ்டட் தட் ஹி வாஸ் ப்ரெசென்ட்' என்றால், அவர் அங்கேதான் இருந்தார் என்று அடித்துச் சொன்னாள். 'வாஸ்' போய் 'பி' வந்தால், அவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினாள். முதலாவது சாட்சியம், இரண்டாவது கட்டளை. ஒரு விசாரணை அறிக்கையில் இவை இடம் மாறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 'வலியுறுத்து' என்று பழகிய கை இங்கே எளிதில் வழுக்கும். வலியுறுத்து இரண்டாவது பொருளுக்குச் சரியாகப் பொருந்தும். முதலாவதுக்குப் போட்டால் வாக்கியம் விறைத்துக்கொள்ளும்.

தமிழில் நாம் உறுதியைப் பெரும்பாலும் வினைச்சொல்லில் வைப்பதில்லை என்பதும் இந்த வழுக்கலுக்கு ஒரு காரணம். 'அங்கேதான்', 'பார்க்கவே இல்லை' என்று தானும் ஏயும் அந்தச் சுமையைத் தூக்கிக்கொள்கின்றன. வினை பாட்டுக்கு 'சொன்னார்' என்று இருக்கும். சந்தேகத்தையும் அப்படித்தான். 'வந்தாராம்' என்றால் போதும், எனக்கு இதில் பொறுப்பில்லை என்பது விளங்கிவிடும். ஆங்கிலத்தில் ஒட்ட வைக்க அந்த 'ஆம்' இல்லை. கிளெய்ம், அலெஜ் போன்ற வினைகள்தான் அதைச் செய்தாக வேண்டும். அதிலும் அலெஜ் பெரும்பாலும் குற்றச்சாட்டோடுதான் வரும். நல்ல காரியத்தை யாரும் அலெஜ் செய்வதில்லை.

அஃபர்ம் வேறு குடும்பம். அமெரிக்க அரசியலமைப்பின் குடியரசுத் தலைவர் உறுதிமொழியில் 'ஸ்வேர்' (சத்தியம் செய்கிறேன்) என்பதற்குப் பக்கத்திலேயே 'ஆர் அஃபர்ம்' என்று மாற்று கொடுத்திருக்கிறார்கள். 1853-இல் பிராங்க்ளின் பியர்ஸ் அந்த மாற்றைத்தான் எடுத்துக்கொண்டார். மேல்முறையீட்டில் கீழ்நீதிமன்றத் தீர்ப்பை அஃபர்ம் செய்கிறார்கள் என்றால், ஏற்கெனவே இருப்பதற்கு ஆம் என்கிறார்கள். அதனால் புத்தம் புதிய கண்டுபிடிப்பை யாராவது 'அஃபர்ம்' செய்திருந்தால் அடித்துவிடுவேன்.

அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தையே பாருங்கள். 1776-இல், தொடக்கத்தில் 'வி ஹோல்ட்' என்கிறார்கள். உண்மைகளை நாங்கள் பற்றி நிற்கிறோம் என்ற நிதானம். கடைசிப் பத்தியில் 'பப்ளிஷ் அண்ட் டிக்ளேர்'. நம்பிக்கைக்கு ஒரு வினை, ஊரறிய ஒரு செயலைச் செய்வதற்கு வேறு வினை. சும்மா மாற்றிப் போட்டுப் பார்த்த மாற்றமில்லை அது.

எனக்குக் கேட்டால் பத்துக்கு எட்டு இடத்தில் 'செட்' போதும். படிக்கிறவர் கண் அதை மிதித்துக்கொண்டு போய்விடும், அலுப்பு எழுதுகிறவருக்குத்தான். கன்டெண்ட் வாதாடுகிறவர்களுக்கு. 'இது உண்மை' என்று வழக்கு மனுவில் உறுதியாகச் சொல்லப் போடுகிற 'அவெர்', மனுவுக்கு வெளியே வந்தால் யோசிக்காமல் வெட்டிவிடுவேன்.

மறுப்பிலும் இதே கதைதான். ஒரு நிறுவனத்தின் அறிக்கையில், குற்றச்சாட்டுகளை நிறுவனம் 'ரெஃப்யூட்' செய்கிறது என்று இருந்தது. அதன் பழைய பொருள் ஆதாரம் காட்டிப் பொய்யென்று நிறுவுவது. வெறுமனே இல்லை என்பது 'டினை'. இன்றைக்கு அகராதிகள் இரண்டாவது பொருளையும் பதிவு செய்கின்றன என்பது தெரியும், அறிக்கையை எழுதியவரும் அதைத்தான் சொன்னார். "இருக்கட்டும் சார், எதிர்த்தரப்பு வக்கீல் பழைய பொருளில் படித்தால் உங்களிடம் ஆதாரம் இருப்பதாக எடுத்துக்கொள்வார். அதை இணைப்பில் வைத்துவிடுங்கள், நான் சொல்லை மாற்றவில்லை" என்றேன். அன்று சாயங்காலம் வரை இணைப்பு வரவில்லை. 'டினைஸ்' என்று மாற்றி அனுப்பிவிட்டேன்.