குல்மார்க்குக்கு எடுத்துச் சென்ற பனியன்

தண்டையார்பேட்டையில் வாழ்பவர்களுக்குக் குளிர் என்பது மார்கழி விடியற்காலையில் மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்து வைப்பதோடு முடிந்துவிடும். அப்படி வளர்ந்த நானும் என் தம்பியும் சென்ற பிப்ரவரியில் காஷ்மீரின் குல்மார்க்கில் ஏழு நாள் பனிச்சறுக்குப் பயிற்சிக்குப் பதிவு செய்தோம். பயிற்சிக் கட்டணமும் விமானக் கட்டணமுமாகச் சேமிப்பில் பெரும்பகுதி போய்விட்டது. சறுக்குப் பலகை, பூட்ஸ், தண்ணீர் புகாத மேல்கோட்டு, கால்சட்டை எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும் என்று தெரிந்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் உடம்பை ஒட்டி அணியும் தெர்மல் உள்ளாடையை மட்டும் யாரும் வாடகைக்குத் தருவதில்லை, தந்தாலும் வாங்க மனம் வராது. ஆகவே கைக்காசைப் போட்டு நாங்களே வாங்க வேண்டிய ஒரே பொருள் அதுதான் என்றானது.

முதலில் போன இடம், வடசென்னையில் எவரும் போகக்கூடிய இடமான எம்.சி. ரோடு. கும்பினிக் காலத்தில் துணி வெளுப்பவர்கள் குடியேறியதால் பெயர் பெற்ற வண்ணாரப்பேட்டையில் இன்று துணிக்குப் பஞ்சமில்லை. கடைக்காரர் பரண் மேலிருந்து அட்டைப் பெட்டியை இறக்கி, கம்பளிச் சாம்பல் நிறத்தில் தடித்த ஒரு தெர்மல் செட்டை விரித்துப் போட்டு, "இத உள்ள போட்டுக்கினா காஷ்மீரே தாங்கும் மேடம்" என்றார். விலை ஐந்நூறு ரூபாய்கூட இல்லை. தொட்டுப் பார்த்தால் மெத்தென்று இருந்தது. இரண்டு செட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

அன்று மாலை எங்கள் மாமா வந்திருந்தார். காசிமேட்டுப் பக்கம் இறால் பதப்படுத்தும் நிறுவனம் ஒன்றின் குளிர்பதனக் கிடங்கில் நெடுங்காலம் பெட்டி அடுக்கியவர் அவர். உறைய வைத்த மீனும் இறாலும் மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் விதி. எனவே குல்மார்க்கின் இரவுக்கு ஒப்பான, சில வேளைகளில் அதைவிடக் கடுமையான குளிரில், ராயபுரத்துச் சாலையிலிருந்து நான்கு சுவர் தள்ளி, அவர் பாதி ஆயுளைக் கழித்திருக்கிறார். நாங்கள் வாங்கி வந்த துணியை விரலால் கசக்கிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது: "குளிரு ஒண்ணும் பண்ணாதும்மா. உள்ள வேர்த்துக்கினு நிக்கிற பாரு, அதான் ஆள சாய்ச்சிரும்." கிடங்குக்குள் பெட்டி தூக்கும்போது வியர்க்கும் என்றும், வேலை நின்று கதவருகே காத்திருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் பல் அடிக்கத் தொடங்கும் என்றும், அதற்காகவே சாப்பாட்டுப் பையில் எப்போதும் ஓர் உலர்ந்த பனியனை வைத்திருந்து ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் மாற்றிக்கொள்வார் என்றும் விளக்கினார். பெட்டியின் பின்புறத்தை அப்போதுதான் படித்தேன். பருத்தி 60 விழுக்காடு, மீதி பாலியஸ்டர் என்று இருந்தது.

குளிருக்கு உடை வாங்குவதாக நினைத்துக்கொண்டு கடைக்குப் போனதுதான் எங்கள் பிழை. வாங்க வேண்டியது வியர்வைக்கான உடை. பனிச்சறுக்கு பழகுபவரின் நாள் எப்படிக் கழிகிறது என்று பார்த்தால் இது விளங்கும். முதல் இரண்டு மூன்று நாள் தொடக்கநிலை மாணவர்களுக்கு லிஃப்ட் கிடையாது. பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காக வைத்து, நண்டு நடப்பதுபோலப் பக்கவாட்டில் அடி அடியாக மேலே ஏற வேண்டும். ஏறி முடிப்பதற்குள் மே மாதத்தில் வியாசர்பாடி மேம்பாலத்தில் மிதிவண்டி ஓட்டிய அளவுக்கு வியர்த்துவிடும். அதன்பின் உங்கள் முறை வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும், பிறகு அரை நிமிடம் சறுக்க வேண்டும், நடுவில் விழ வேண்டும். இந்த ஏற்றமும் நிற்பதும் மாறி மாறி வருவதால், உடம்பை ஒட்டிய துணி ஈரத்தை என்ன செய்கிறது என்பதுதான் அன்றைய நாளின் சுகத்தையும் துன்பத்தையும் தீர்மானிக்கிறது.

ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி (0.58 கிலோகலோரி) வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நீர் வெப்பத்தைக் கடத்தும் வேகம் அசைவற்ற காற்றைப்போல ஏறக்குறைய 25 மடங்கு. பருத்தி தன் இழைக்குள்ளேயே நீரைக் குடித்துக்கொண்டு விடாமல் வைத்திருக்கும். நம் ஊரில் நாம் பருத்தியைக் கொண்டாடுவது இந்தக் குணத்துக்காகவே. வியர்வையை உறிஞ்சி, தோலின் மேல் ஈரமாகவே இருந்து, கடற்காற்று பட்டதும் குளிர்ச்சி தருகிறது. பனிமலையில் அதே பருத்தி அதே வேலையை மாற்றமின்றிச் செய்கிறது, அவ்வளவுதான். இயல்பான காற்று ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 விழுக்காடு நீரை இழைக்குள் வைத்திருக்க, பாலியஸ்டர் அரை விழுக்காட்டைக்கூடத் தொடுவதில்லை. பாலியஸ்டர் இழைக்குள் நீர் போகாததால், இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய சந்துகள் வழியாக விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல வெளிப்பக்கம் பரவி, அங்கே விரைவில் உலர்ந்துவிடுகிறது.

கம்பளியின் கதை வேறு. அதிலும் மெரினோ ஆட்டின் கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை ஆவியாகவே இழைக்குள் இழுத்துக்கொண்டு, தொட்டால் ஈரம் தெரியாமல் இருக்கும். இழுத்துக்கொள்ளும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடும். கம்பளி என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் குத்தல், இழையின் பருமனால் வருவது. 30 மைக்ரானை (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டிய இழை தோலைக் குத்தும், உள்ளாடைக்கான மெரினோ 17 முதல் 19 மைக்ரான் வரை இருக்கும். நாற்றமும் எளிதில் பிடிக்காது. எல்லாம் சரி, ஆனால் நான் கடையில் பார்த்த மெரினோ மேல்சட்டை ஒன்றின் விலை மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது. இருவருக்கும் மேலும் கீழுமாக வாங்கினால், அந்தப் பணத்தில் பயிற்சியை இன்னும் சில நாள் நீட்டித்திருக்கலாம்.

'மூங்கில் இழை', 'வெப்பம் உண்டாக்கும் துணி' என்ற பெயர்களில் விற்பவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மூங்கில் துணி பெரும்பாலும் விஸ்கோஸ்தான், அதாவது தாவரக் கூழிலிருந்து இழுத்த ரேயான் இழை. அது பருத்தியைவிட அதிகமாகவே நீர் குடிக்கும். யூனிக்ளோவின் ஹீட்டெக் போன்றவை பாலியஸ்டர், அக்ரிலிக், ரேயான் கலந்தவை. டெல்லிக் குளிரில் பேருந்துக்குக் காத்திருக்க நல்லவை, வியர்க்க வியர்க்கச் சரிவு ஏறுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெட்டியின் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்க எழுத்தைப் படிப்பது ஒன்றே வழி.

தீர்வு நேரு ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைத்தது. கால்பந்து, கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் ஜெர்சிக்கு உள்ளே அணியும் முழுக்கை 'ஸ்கின்' இன்னரைத் தம்பிதான் முதலில் எடுத்துக் காட்டினான். பாலியஸ்டரும் இழுத்தால் நீளும் ஸ்பான்டெக்ஸ் இழையும் சிறிது கலந்தது, உடம்போடு ஒட்டும், ஒன்று நானூறு ரூபாய்க்குள். கீழே அணிய என்னிடம் உடற்பயிற்சி லெகிங்ஸ் ஏற்கெனவே இருந்தது. இவற்றோடு டெகாத்லானில், உட்புறம் லேசாக மயிர் எழுப்பிய பாலியஸ்டர் பனிச்சறுக்கு உள்ளாடை ஆளுக்கொரு செட் வாங்கிக்கொண்டோம். தடித்த ஒன்றைவிட மெல்லிய இரண்டு மேல் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். வெயில் அடித்தால் ஒன்றைக் கழற்றலாம், இரண்டுக்கும் இடையில் காற்றும் தங்கும், இரவில் துவைத்தால் காலைக்குள் காயும். துணியின் அடர்த்தியைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று குறிப்பிட்டிருப்பார்கள். ஓயாமல் அசையும் தொடக்கநிலையாளருக்கு 150 முதல் 200 வரை போதும். 250-ஐ எட்டுவது, குல்மார்க்கின் கோண்டோலா என்ற கம்பிவட ஊர்தியில் இரண்டாம் கட்டம்வரை ஏறி, கிட்டத்தட்ட 3,950 மீட்டர் உயரத்தில் அஃபர்வாட் மலையின் காற்றில் நிற்கப்போகிறவர்களுக்கு. 2,650 மீட்டரில் கீழ்ச்சரிவில் உருளப்போகும் எங்களைப் போன்றோருக்கு அது வேகவைக்கும் பானை.

வாங்கியவற்றை வீட்டில் சோதித்துப் பார்த்தேன். எம்.சி. ரோட்டுத் தெர்மல், ஸ்கின் இன்னர், பனிச்சறுக்கு உள்ளாடை மூன்றையும் வாளியில் முக்கி, ஒரே மாதிரி முறுக்கிப் பிழிந்து, கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே கொடியில் போட்டேன். இட்லிக்கு அரிசி நிறுக்கும் தராசில் பிழிந்த கையோடு வைத்துப் பார்த்ததில், பருத்திக் கலப்பு தன் உலர்ந்த எடையின் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. ஸ்கின் இன்னர் இரண்டு மணி நேரத்தில் காய்ந்தது, உள்ளாடை மூன்றரை மணி நேரத்தில். பருத்திக் கலப்பின் அக்குளும் இடுப்புப் பட்டையும் மறுநாள் காலையிலும் சில்லென்று இருந்தன. அதை மாமாவிடமே கொடுத்துவிட்டேன், கொடைக்கானல் போனால் போட்டுக்கொள்வதாகச் சொன்னார்.

அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே செய்யும் தவறைக் காசு கொடுத்துச் சரிசெய்ய முடியாது. தோலுக்கும் துணிக்கும் இடைவெளி இருந்தால் வியர்வை துணியில் ஏறாது, ஆகவே இறுக்கமாக, ஆனால் மூச்சு முட்டாமல் இருக்க வேண்டும். மேல்சட்டை முதுகுப் பக்கம் நீளமாக இருந்து கால்சட்டைக்குள் செருகப்பட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை விழும்போதும் இடுப்பில் பனி புகும். காலுக்கு முக்கால் நீளமே உத்தமம். பனிச்சறுக்கு பூட்ஸ் கெண்டைக்காலின் பாதிவரை கெட்டியான பிளாஸ்டிக். அதற்குள் ஒரே ஒரு மெல்லிய நீளக் காலுறைதான் போக வேண்டும். லெகிங்ஸின் விளிம்பு உள்ளே மடிந்தால் அது முன்காலில் கத்தியாகப் பதியும். நான் கத்தரியால் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே வெட்டிவிட்டேன். பெண்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேலே எத்தனை நல்ல துணி போட்டாலும், உள்ளே பருத்திப் பிரா அணிந்தால் மார்புக்கு நடுவே நாள் முழுவதும் ஈரத்துணி ஒத்தடம்தான். ஓடுவதற்கு அணியும் ஸ்போர்ட்ஸ் பிரா போதும்.

இத்தனையும் படித்து, பிழிந்து, நிறுத்துப் பார்த்த வீட்டிலிருந்து புறப்பட்ட என் தம்பி, முதல் நாள் காலையில் பழக்கதோஷத்தில் வெள்ளைக் கைவைத்த பனியனை மாட்டிக்கொண்டு அதன்மேல் எல்லாவற்றையும் அணிந்துவிட்டான். பதினொரு மணிக்கு வரிசையில் நின்றவனின் உதடு நாவற்பழம் தின்றதுபோல இருந்தது. தேநீர்க் கடையின் பின்னால் போய் அதைக் கழற்றிப் பிழிந்தான், தண்ணீர் சொட்டியது. வெளியே கொடியில் போட்ட பனியன் மதியத்துக்குள் விறைத்து, காசிமேட்டுக் கருவாடுபோலக் கையை விரித்தபடி நின்றது. மீதி ஆறு நாளும் அவன் ஸ்கின் இன்னரோடுதான் சறுக்கினான்.

என் பங்குக்கும் ஒன்று நடந்தது. எங்கள் அறையில் புகாரி எனப்படும், விறகு எரியும் கணப்பு அடுப்பு இருந்தது. துவைத்த உள்ளாடையைச் சீக்கிரம் காயட்டும் என்று அதன் தகரக் குழாயை ஒட்டிப் போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் வலது முழங்கைப் பக்கம் பால் ஏடு சுருங்கியதுபோல உருகி, பளபளவென்று கெட்டியாகிவிட்டிருந்தது. மெரினோவாக இருந்தால் கருகியிருக்கும், உருகியிருக்காது. ஆனால் மூவாயிரம் ரூபாய் கருகுவதற்கு இது மேல் என்று தேற்றிக்கொண்டேன். பாலியஸ்டரைச் சுவரோரம் கொடியில் போட்டாலே விடிவதற்குள் காய்ந்துவிடும் என்பதை மறந்ததுதான் காரணம்.

நாற்றத்தைப் பற்றி மறைக்கக் கூடாது. பாலியஸ்டரை இரண்டாம் நாள் துவைக்காமல் போட்டால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்காருவார், ஆகவே ஆளுக்கு இரண்டு செட் கட்டாயம். துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவம் எதையும் ஊற்றக் கூடாது, அது இழைமேல் படிந்து வியர்வை பரவும் சந்துகளை அடைத்துவிடும். ஆண்டில் பல வாரம் மலையில் இருப்பவர் மெரினோ வாங்கட்டும். ஏழு நாளுக்குப் போகிற சென்னைக்காரருக்கு அதன் விலை நியாயப்படாது என்பது என் கருத்து. போதாக்குறைக்கு, மீதி 51 வாரமும் அதை நம் ஊர்ப் புழுக்கத்தில் பூச்சி அரிக்காமல் அந்துருண்டை போட்டுக் காக்க வேண்டும். எங்கள் பாலியஸ்டருக்கு அந்தக் கவலை இல்லை. முழங்கை உருகிய சட்டை இப்போது கொடியில்தான் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கால்பந்துக்கு அதைத் தம்பி போட்டுக்கொண்டு போகிறான்.