இழுவை கேட்டுப் போனேன், கிடைக்கவில்லை

பாபநாசத்தில் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம் மெஷினை விட்டு எழுந்திருக்க முடியாது. போன ஐப்பசி அடைமழையில் ஒருநாள் வாசலில் யாரோ கூப்பிட, கழுத்து திரும்பவில்லை. உடம்போடு சேர்ந்துதான் திரும்பினேன்.

சுளுக்கென்று விளக்கெண்ணெய் தேய்த்து வழித்தோம். கேட்கவில்லை. அப்புறம் ஓரிடத்தில் பத்து நாள் கரண்ட் வைத்தார்கள். எக்ஸ்ரேயைப் பார்த்துத் 'தேய்மானம்' என்றதோடு சரி, கழுத்தை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சூடு இருக்கிறவரை சுகம், பஸ் ஏறினால் பழையபடி வலி.

என் ஓரகத்திக்குக் கும்பகோணத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா இழுவை, அதாவது கழுத்தை மெல்ல இழுத்துப் பிடிக்கிற சிகிச்சை, வைத்துக் கழுத்து வலி சரியானது. அவரிடமே போய், "எனக்கும் இழுவை வச்சிடுங்க மேடம்" என்றேன். "முதல்ல பார்த்துடுவோம்மா" என்றார்.

முக்கால் மணி நேரம் பார்த்தார். பாதி நேரம் கேள்விதான். அடிபட்டதா, காய்ச்சல் உண்டா, காரணமில்லாமல் எடை குறைந்ததா, நடக்கும்போது தள்ளாடுகிறதா, சிறுநீர் அடக்க முடிகிறதா, பொத்தான் போடக் கை தடுமாறுகிறதா. நாள் முழுக்க ஊக்கு தைக்கிறவளிடம் பொத்தானைப் பற்றிக் கேட்கிறாரே என்று சிரிப்பு வந்தது. இதில் ஏதாவது சந்தேகப்படும்படி இருந்தால் சிகிச்சை தொடங்காமல் டாக்டரிடம் அனுப்பிவிடுவாராம்.

பிறகு தலையை வலிக்கிற பக்கம் சாய்த்து மேலிருந்து மெல்ல அழுத்தினார். கைக்கு வலி ஓடுகிறதா? இல்லை. கையைப் பக்கவாட்டில் நீட்டி மணிக்கட்டை வளைத்தார், முழங்கையில் சுத்தியலால் தட்டினார், தலையை இரு கையாலும் மேலே தூக்கிப் பிடித்தார். ஒரு மாற்றமும் இல்லை. ஓரகத்திக்குக் கட்டைவிரல்வரை மரத்துப்போகும் என்று சொன்னேன். "அது நரம்பு வேர் அழுந்துற வலி. அந்த மாதிரி சிலருக்குத்தான் இழுவை கைகொடுக்கும். உங்களுக்கு மூட்டுதான் இறுகியிருக்கு" என்றார். எக்ஸ்ரேயை நீட்டினேன். எனக்கு 46 வயது. இந்த வயதில் வலியே இல்லாதவர்களுக்கும் தேய்மானம் தெரியுமாம்.

எனக்கு வலப்பக்கம் பாதிதான் திரும்பியது. மேல்முதுகும் பலகையாக இருந்தது. இரண்டையும் கையால் அசைத்துவிட்டு, உடனே மறுபடி திரும்பச் சொன்னார். கொஞ்சம் கூடுதலாகப் போனது. அதை நோட்டில் குறித்துக்கொண்டார். மாறாமல் இருந்திருந்தால் வேறு வழி பார்த்திருப்பாராம். ஒவ்வொரு முறையும் இப்படி முன்னும் பின்னும் அளந்தார். கழுத்துப் பட்டையும் வேண்டாமென்றுவிட்டார்.

வீட்டில் செய்ய ஒரு பயிற்சி: மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல் 'ஆமாம்' என்பதுபோல் தாடையை உள்ளே இழுத்துப் பத்து எண்ண வேண்டும். கேட்க சுலபம்தான், நாலாவது தடவையிலேயே கழுத்து நடுங்கியது. மெஷின் மேசைக்கடியில் கட்டை வைத்து உயர்த்தினேன். அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருக்கிறேன்.

ஆறு தடவை போனேன். இப்போது பஸ் வருகிறதா என்று திரும்பிப் பார்க்க முடிகிறது, இடப்பக்க அளவுக்கு இன்னும் இல்லை. ஓரகத்தி மட்டும், எனக்கும் இழுவை வைத்திருந்தால் எப்போதோ சரியாகியிருக்கும் என்கிறாள்.