காபி டம்ளரையும் எடுத்துட்டு வாங்க

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து சீட்டுப் பெண் கேட்டாள். "அக்கா, நீங்க போறீங்களே ஒரு இயற்கை மருத்துவ டாக்டர், நானும் போகலாம்னு இருக்கேன். போனா என்ன பண்ணுவாங்க? சோறை நிறுத்து, காபியை நிறுத்து, பச்சைக் காய்கறியா மெல்லுன்னு சொல்லிடுவாங்களா?" இதே பயத்தில் நானும் ஆறு மாசம் தள்ளிப் போட்டேன், அதனால் அவளுக்கு அவசரமாக இரண்டு வார்த்தை சொல்லி அனுப்ப மனசு வரவில்லை. முழுசாக இங்கே எழுதுகிறேன்.

எனக்கு 43 வயது. ஒரு வருஷத்துக்கும் மேலாக அசதி. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும், சாயந்திரம் ஆனால் வயிறு உப்பிக்கொள்ளும், தலை வாரினால் சீப்பு நிறைய முடி. வயசாகுது, வேலை ஜாஸ்தி என்று நானே காரணம் சொல்லிக்கொண்டு ஓட்டினேன். கடைசியில் ஒரு தோழி சொல்லி, சென்னையில் சின்னதாக க்ளினிக் வைத்திருக்கும் ஒரு பெண் டாக்டரிடம் நேரம் வாங்கினேன். அவர் பி.என்.ஒய்.எஸ். படித்தவர், அதாவது இயற்கை மருத்துவமும் யோகாவும் சேர்ந்த பட்டப்படிப்பு. நாலரை வருஷப் படிப்பு, மேலே ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் பயிற்சி. அரும்பாக்கத்தில் 2000-லிருந்து இதற்கென்றே அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி நடக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

நேரம் வாங்கப் போன் செய்தபோதே வேலை கொடுத்துவிட்டார்கள். மூன்று நாள் என்னவெல்லாம் வாயில் போடுகிறோமோ அத்தனையும் எழுத வேண்டும், அதில் ஒரு நாள் ஞாயிறாக இருக்க வேண்டும். பழைய ரத்தப் பரிசோதனைக் காகிதங்கள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள் எல்லாம் வேண்டும். அப்புறம், "தினமும் காபி குடிக்கிற டம்ளர், சோறு போடுற கரண்டி, ரெண்டையும் எடுத்துட்டு வாங்க மேடம்" என்றார் போனில் பேசிய க்ளினிக் பெண். கரண்டி எதற்கு என்று அப்போது புரியவில்லை.

எழுதும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். டாக்டர் பார்க்கப் போகிறார் என்று அந்த மூன்று நாளும் நல்ல பிள்ளையாகச் சாப்பிட்டு எழுதினால் காசும் நேரமும் வீண். சமைக்கும்போது அள்ளிப் போட்டுக்கொண்ட ஒரு கை மிக்சர், பையன் மிச்சம் வைத்த அரைத் தோசை, மூன்று மணிக்கு அலுவலகத்தில் யாரோ பிறந்த நாளுக்குக் கொடுத்த கேக், எல்லாம் அந்தக் காகிதத்தில் வர வேண்டும். டாக்டர் திட்டவே மாட்டார். என் காகிதத்தைப் படித்துவிட்டு, "உண்மையா எழுதியிருக்கீங்க, எனக்கு வேலை பாதி குறைஞ்சுது" என்றார்.

முதல் சந்திப்பு ஒன்றேகால் மணி நேரம். முதல் இருபது நிமிஷம் சாப்பாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. எத்தனை மணிக்குப் படுக்கிறேன், நடுவில் எழுந்திருக்கிறேனா, காலையில் வயிறு சரியாகப் போகிறதா, மாதவிலக்கு எத்தனை நாள், எவ்வளவு போகிறது, வீட்டில் யார் யார், யார் சமைக்கிறார்கள். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "வீட்ல கடைசியா சாப்பிடுறது யாரு?" நான்தான். எல்லாருக்கும் போட்டு முடித்து, பாத்திரம் ஒழித்து, பத்து மணிக்கு மேல், பொரியல் தீர்ந்துபோன பிறகு, குழம்பும் சோறும். இதை இத்தனை வருஷத்தில் எந்த டாக்டரும் கேட்டதில்லை, ஏன், வீட்டிலேயே யாரும் கேட்டதில்லை. பதில் சொல்லும்போது தொண்டை அடைத்தது. அவர் ஒன்றும் பேசாமல் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

அதன் பிறகுதான் டம்ளர். என் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதை அளவுக் குவளையில் சாய்த்தார். 200 மில்லி. "சர்க்கரை எவ்வளவு?" என்றார். கொஞ்சம்தான் என்றேன். மேஜையில் இருந்த சர்க்கரை டப்பாவைத் தள்ளி, வீட்டில் போடுகிற மாதிரியே போடச் சொன்னார். கை தன்பாட்டுக்கு இரண்டு ஸ்பூன் போட்டது. அதைத் தராசில் வைத்தார்: 10 கிராம். ஒரு நாளைக்கு நாலு காபி. 40 கிராமை ஒரு தட்டில் கொட்டி என் முன்னால் வைத்தார், அவ்வளவுதான், உபதேசம் இல்லை. அந்தச் சின்ன வெள்ளைக் குவியலை இப்போது நினைத்தாலும் கண் முன்னால் நிற்கிறது. கரண்டியையும் அப்படியே அளந்தார். ஒரு கரண்டி சோறு என்று நான் எழுதியிருந்தது அவர் கணக்குப்படி இரண்டு.

எடை, இரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு எல்லாம் பார்ப்பார்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டருக்குள், ஆண்களுக்கு 90-க்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. எடையை விட இதைத்தான் அவர் அதிகம் பார்க்கிறார்.

என் ரத்தக் காகிதத்தில் ஹீமோகுளோபின் 9.4. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகைதான். முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் எழுதித் தருவார் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "சாப்பாட்டால மட்டும் இதைச் சரி பண்றேன்னு நான் சொன்னா அது தப்பு. முதல்ல ரத்தம் எங்க போகுதுன்னு பாக்கணும். நாளைக்கே ஒரு மகப்பேறு டாக்டரைப் பாருங்க" என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருந்தது. அதற்கு வைத்தியம் அங்கே, இரும்புச்சத்து மாத்திரை அங்கே, சாப்பாடு இங்கே என்று பிரித்துக்கொண்டோம். அன்றைக்கு அவர் கீரை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தால் நான் சந்தோஷமாக வீட்டுக்கு வந்து இன்னும் ஒரு வருஷம் ரத்தம் இழந்துகொண்டிருப்பேன். ஒரு ஆலோசகர் நல்லவரா என்று கேட்டால் எனக்கு இதுதான் உரைகல்: தன்னால் முடியாததை முதல் நாளே வாய்விட்டுச் சொல்கிறாரா?

உணவுத் திட்டம் ஒரே ஒரு பக்கம். அதிலும் முதல் மூன்று வாரத்துக்கு மூன்றே மாற்றம். காபியும் டீயும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோதான், ஏனென்றால் அவை கீரை, பருப்பில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். கீரை, பயறு சாப்பிடும் வேளையில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ கட்டாயம், அவற்றின் வைட்டமின் சி அதே இரும்பைச் சேர்க்க உதவும். மூன்றாவது, இரவு எட்டரைக்குள் எல்லாரோடும் உட்கார்ந்து நான் சாப்பிட வேண்டும். இந்த மூன்றாவதுதான் கஷ்டமாக இருந்தது, அதற்காக அடுத்த முறை என் வீட்டுக்காரரையும் கூட்டி வரச் சொன்னார். அவரும் வந்தார். இப்போது ராத்திரி பாத்திரம் அவர் பொறுப்பு.

சோறை நிறுத்தச் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கதை பிடிக்கும். 1918-ல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் ஒரே ஒரு அறையில் ஊட்டச்சத்து ஆராய்ச்சி தொடங்கினார், அதுதான் வளர்ந்து பின்னால் ஹைதராபாத் போய் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அவர் எலிகளுக்கு நாட்டின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய் என்று சீக்கியர்களின் சாப்பாட்டைத் தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன, தீட்டின அரிசியோடு சொற்பப் பாலும் காயும் கொண்ட மதராஸ் சாப்பாட்டைத் தின்றவை மெலிந்தன. இதைக் கேட்டதும் அரிசியைத் திட்டத்தான் தோன்றும். ஆனால் அந்தத் தட்டில் அரிசிக்குப் பக்கத்தில் என்ன இருந்தது என்று பாருங்கள், பொரியல் தீர்ந்த பிறகு பத்து மணிக்கு நான் சாப்பிட்டதும் ஏறக்குறைய அதே தட்டுதான். டாக்டர் என்னிடம் சொன்னதும் சோற்றை ஒரு கரண்டி குறைத்து அந்த இடத்தில் காயும் பருப்பும் வை என்பதுதான். அப்புறம் சமையல் எண்ணெய், ஆளுக்கு மாசம் அரை லிட்டர். நாலு பேர் வீட்டில் நாங்கள் நாலு லிட்டர் வாங்கிக்கொண்டிருந்தோம்.

மண் பட்டியும் போட்டார்கள். ஈரத் துணியில் குழைத்த மண்ணைச் செங்கல் மாதிரி மடித்து வயிற்றில் வைப்பார்கள், முதலில் சில்லென்று உடம்பு தூக்கிப்போடும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு ஆழமாகும். இருபது நிமிஷம். அதனால் எது குணமாயிற்று என்று என்னால் சொல்ல முடியாது, அவரும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. போன் இல்லாமல் நடுப்பகலில் இருபது நிமிஷம் படுத்திருந்தது எனக்கு வேண்டியிருந்தது.

மூன்று மாசத்தில் ஹீமோகுளோபின் 11.6 வந்தது. மாத்திரைக்கும் மகப்பேறு டாக்டருக்கும்தான் அதில் பெரிய பங்கு, இதை மறைத்து எழுதினால் பாவம். வயிறு உப்புவது நின்றதும், சாயந்திரம் எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் சாப்பாட்டால் என்று நம்புகிறேன்.

இனி கோபமான விஷயம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா எங்கள் பகுதியில் ஒருவரிடம் போனார். அவரும் தன்னை ஊட்டச்சத்து ஆலோசகர் என்றுதான் சொல்லிக்கொண்டார். பத்து நிமிஷம் பேசி, மூன்று டப்பா மாவு விற்று, "இதைக் குடிச்சா போதும்மா, சுகர் மாத்திரையே வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினார். அம்மா நம்பினார். ஐந்தாவது வாரம் தலைசுற்றி விழுந்தபோது சர்க்கரை 380. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதனால் கையெடுத்துக் கேட்கிறேன்: சர்க்கரை, தைராய்டு, பிரஷர், வலிப்பு, எந்த மாத்திரையாக இருந்தாலும், எழுதிக் கொடுத்த டாக்டரைத் தவிர வேறு யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை. பி.என்.ஒய்.எஸ். என்றால் பதிவு எண் இருக்கும். உணவியல் நிபுணர் என்றால் அந்தத் துறையில் பட்டம் இருக்கும், இந்திய உணவியல் சங்கத்தின் தேர்வில் தேறியவர்கள் ஆர்.டி., அதாவது பதிவு பெற்ற உணவியல் நிபுணர், என்று போட்டுக்கொள்வார்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடலாம். அங்கேயே மாவு டப்பா வாங்கச் சொன்னாலும், முடியை வெட்டியனுப்பி, கண்ணைப் பார்த்து நோய் சொல்கிறேன் என்றாலும் அப்படியே. எந்தெந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஐ.ஜி.ஜி. என்கிற எதிர்ப்புப் பொருளை அளக்கும் ரத்தப் பரிசோதனை செய்வார்கள், ஒவ்வாமை மருத்துவச் சங்கங்களே அதை நம்பச் சொல்வதில்லை. அந்தக் காசுக்கு ஒரு மாசம் நல்ல பழம் வாங்கலாம்.

எனக்கு முதல் முறை 800 ரூபாய், அப்புறம் ஒவ்வொரு முறையும் 400. முதல் மூன்று மாசம் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போனேன், இப்போது இரண்டு மாசத்துக்கு ஒன்று.

சாப்பாட்டு மேஜையில் இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பக்கத்து சீட்டுப் பெண், "அப்பாவையும் கூட்டிட்டுப் போறேன்க்கா, கிட்னி கொஞ்சம் வீக்னு சொன்னாங்க, வாழைத்தண்டு ஜூஸ் குடுத்தா நல்லதாமே" என்றாள். அங்கே மட்டும் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் காய்ச் சாறு, பழச் சாறு, இளநீர் எல்லாவற்றிலும் இருக்கிற பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்தையே பாதிக்கும். முதலில் சிறுநீரக டாக்டரிடம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும், பொட்டாசியமும் ரத்தத்தில் பார்த்து, எது எவ்வளவு கொடுக்கலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டு அந்தக் காகிதத்தோடு அப்பாவைக் கூட்டிப் போ, அதுவரைக்கும் ஜூஸ் வேண்டாம் என்றேன். சரி என்றாள். சனிக்கிழமை தான் மட்டும் போகிறாள்.