மைத்துனனுக்குக் கவசம் கட்டிய கதை

அமெரிக்காவில் மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை, போரில் உயிர்நீத்த வீரர்களை நினைவுகூரும் நாள். அன்று காலையில் உடற்பயிற்சிக் கூடங்களில் ‘மர்ஃப்’ என்ற பயிற்சியைப் பலரும் சேர்ந்து செய்வார்கள். ஒரு மைல் ஓட்டம், 100 புல்-அப், 200 தண்டால், 300 பஸ்கி, மறுபடியும் ஒரு மைல் ஓட்டம் என்று போகும் இந்தப் பயிற்சியை, முறைப்படி செய்கிறவர்கள் 20 பவுண்டு எடையுள்ள உடுப்பை மாட்டிக்கொண்டுதான் செய்வார்கள். 2005 ஜூன் 28 அன்று ஆஃப்கானிஸ்தானில் உயிர்நீத்த கடற்படை அதிகாரி மைக்கேல் மர்ஃபிக்கு விருப்பமான பயிற்சி இது. அவர் இதற்கு வைத்திருந்த பெயர் ‘உடற்கவசம்’.

இந்த ஆண்டு அதைத் தானும் செய்யப்போவதாக என் மைத்துனன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தான். டெக்ஸஸ் மாநிலத்தின் ஆஸ்டினுக்கு வடக்கே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் அவனுக்கு அப்போதிருந்த அன்றாட உடலுழைப்பு, மேசையிலிருந்து காபி இயந்திரம் வரை நடந்து போய்த் திரும்புவது மட்டுமே. அறிவிப்புக்கு முன்பே பொருளை வாங்கிவிட்டான் என்பது, மறுநாள் அவன் அட்டைப்பெட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது. பயிற்சிக்கென்று விற்கும் எளிய எடை உடுப்பை அவன் வாங்கவில்லை. ராணுவ பாணியில் பைகளும் பட்டைகளும் வளையங்களும் வைத்த முழு பிளேட் கேரியர் ஒன்றை, அதாவது முன்னும் பின்னும் தகடு செருகிக்கொள்ளும் கவச உடுப்பை, வாங்கியிருந்தான். கூடவே தலா 8.75 பவுண்டு எடையுள்ள இரண்டு வளைந்த எஃகுத் தகடுகளும் இருந்தன. அவை எடைக்காக மட்டுமே செய்யப்பட்டவை. குண்டு எதையும் தடுக்க மாட்டா.

அவன் என்னைத் தேடி வந்ததில் நியாயம் இருக்கிறது. குடியுரிமை இல்லாமல் சட்டப்படி இங்கே தங்கியிருந்தவர்களை, ராணுவத்துக்குத் தேவைப்பட்ட சில மொழிகள் தெரிந்தால் படையில் சேர்த்துக்கொள்ளும் மாவ்னி என்ற திட்டம் 2009இல் தொடங்கியது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. முதுகலை படிக்க வந்த நான் அந்த வழியாகப் படையில் சேர்ந்து, தளவாடப் பிரிவில் பணியாற்றினேன். ராணுவத்தில் என் தமிழை யாரும் ஒருநாளும் கேட்கவில்லை என்பது வேறு கதை. ஆனால் ஐ.ஓ.டி.வி. என்ற கவச உடுப்பை, முன்னும் பின்னும் பீங்கான் தகடுகளும் இரு பக்கங்களிலும் சிறு தகடுகளும் செருகி, ஏறத்தாழ 30 பவுண்டு எடையோடு குவைத் வெயிலில் சுமந்தவன் என்ற தகுதியை என் மாமனார் வீட்டார் மறந்ததே இல்லை.

“மாட்டிக் காட்டு பார்க்கலாம்” என்றேன். கூடத்தின் நடுவில் நின்று மாட்டினான். தோள்பட்டைகளை முழுநீளத்துக்கும் விட்டிருந்ததால், முன்தகட்டின் மேல்விளிம்பு நெஞ்சுக்குக் கீழே இருந்தது. கீழ்விளிம்பு தொப்புளைத் தாண்டிவிட்டது. அவன் பாதுகாத்துக்கொண்டிருந்தது இதயத்தையும் நுரையீரலையும் அல்ல, காலையில் சாப்பிட்ட வெண்பொங்கலைத்தான்.

உடுப்பின் எட்டுப் பைகளையும் அவன் நிரப்பியிருந்தான். துப்பாக்கித் தோட்டாப் பெட்டிகளுக்கான மூன்று பைகளில் புரதக் கட்டிகள் இருந்தன. வானொலிக் கருவிக்கான பையில் பவர் பேங்க் இருந்தது. முதுகில் மூன்று லிட்டர் தண்ணீர்ப் பை, அதாவது தண்ணீரே மூன்று கிலோ. மார்புக்கு மேலிருந்த சிறுபையில், அவனுக்கே தெரியாமல், என் மாமியார் பழநித் திருநீற்றுப் பொட்டலம் ஒன்றை வைத்திருந்தார். குளியலறை எடைக்கருவியில் மொத்தத்தையும் நிறுத்தபோது 34 பவுண்டு காட்டியது.

அப்போது ஆறு மாதத் தங்கலுக்காகத் திருச்சியிலிருந்து வந்திருந்த மாமியார் இதையெல்லாம் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “இருபது பவுண்டு என்றால் நம் கடையில் வாங்கும் சோனா மசூரி மூட்டைதானே மாப்பிள்ளை? அதையே தோளில் போட்டுக்கொண்டு ஓடினால் ஆகாதா? ஓடி முடித்த பிறகு சமைக்கவாவது செய்யலாம்” என்றார். இதற்கு என்னிடம் இன்றுவரை சரியான பதில் இல்லை.

வேலையைத் தொடங்கினோம். பிளேட் கேரியரைப் பொருத்துவதில் முதலில் பார்க்க வேண்டியது உயரம். இரண்டு காறை எலும்புகளும் சந்திக்கும் இடத்தில், கழுத்துக்குக் கீழே விரல் வைத்தால் ஒரு குழி தெரியும். முன்தகட்டின் மேல்விளிம்பு அந்தக் குழிக்கு நேராக நிற்க வேண்டும். அதற்கு மேலே ஏறினால் குனியும்போது தொண்டையில் இடிக்கும். கீழே இறங்கினால் எடை வயிற்றின் மேல் ஆடத் தொடங்கி, ஒவ்வோர் அடியிலும் இடுப்பை முன்னோக்கி இழுக்கும். பின்தகடு முன்தகட்டுக்குச் சமமான உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டு தோள்பட்டைகளையும் ஒரே அளவுக்குச் சுருக்கியவுடனே அவன் முகம் மாறியது. “அத்தான், பாதி எடை குறைந்துவிட்டது” என்றான். ஓர் அவுன்ஸ்கூடக் குறையவில்லை. எடை இருக்க வேண்டிய இடத்துக்கு வந்திருந்தது, அவ்வளவுதான்.

அடுத்தது விலாவைச் சுற்றி வரும் கம்மர்பண்ட் என்ற அகன்ற பட்டை. தோளில் மட்டும் தொங்கும் எடையை உடம்போடு அணைத்துப் பிடிப்பது இதுதான் என்பதால், இது தளர்ந்திருந்தால் மற்றவை எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு, அந்த நிலையில் இறுக்கமாகப் பொருத்த வேண்டும் என்றேன். அவன் மூச்சை இழுத்தான். கூடவே வயிற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டான். எதிரில் நிலைக்கண்ணாடி இருந்ததும், அதில் தன் உருவம் அவனுக்குப் பிடித்திருந்ததும்தான் காரணம். அந்த அழகிய நிலையிலேயே பட்டையை ஒட்டிவிட்டு வயிற்றை விட்டபோது, வயிறு போக இடமில்லாமல் நின்றது. பேச முயன்றான், ஒரு சீட்டி ஒலி மட்டும் வந்தது. வெல்க்ரோவைக் கிழித்து, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நிற்கவைத்து, மறுபடி பொருத்தினோம்.

பிறகும் நடக்கும்போது டொக், டொக் என்று சத்தம் கேட்டது. உறையின் அளவு பெரிது, தகடு சிறிது. எனவே தகடு உள்ளே வழுக்கி இறங்கி, ஒவ்வோர் அடிக்கும் தட்டிக்கொண்டிருந்தது. இதற்குக் கடையில் நுரைப்பஞ்சு விற்கிறார்கள். மாமியார் ஒரு பழைய நூல் சேலையைக் கிழித்து நான்காய் மடித்து, தகட்டுக்கு அடியில் செருகிக் கொடுத்தார். தகடு மேலே ஏறி உட்கார்ந்தது, சத்தமும் நின்றது. நான் பார்த்த வரையில் இதைவிட நல்ல தீர்வை எந்தத் தளவாடக் கிடங்கும் கொடுத்ததில்லை.

தோளுக்கென்று அவன் தனியாக வாங்கியிருந்த, தலையணை போன்று உப்பிய மெத்தைகளைக் கழற்றச் சொன்னபோதுதான் சண்டை வந்தது. தோள்மெத்தை அகலமாக இருப்பதுதான் முக்கியம். தடித்திருந்தால் அது கழுத்தை நோக்கி நகரும், மேலே முதுகுப்பை மாட்டினால் அதன் வாரும் வழுக்கும். விலை கொடுத்து வாங்கியதைப் போடாமல் இருப்பதா என்று அவன் வாதிட்டான். ஒன்றைக் கழற்றி, மற்றதை அப்படியே விட்டு, கொல்லைப்புறத்தைச் சுற்றி நடந்து வரச் சொன்னேன். திரும்பி வந்தவன் ஒரு சொல்லும் சொல்லாமல் மற்றதையும் கழற்றினான்.

இனிப் பைகள். மோலி என்ற பட்டை அமைப்பை 1990களின் கடைசியில் அமெரிக்க ராணுவம் கொண்டுவந்தது. உடுப்பின் மேல் ஓர் அங்குல அகலப் பட்டைகள், ஓர் அங்குல இடைவெளி விட்டு, வரிசையாகத் தைக்கப்பட்டிருக்கும். பையின் பின்னாலும் அதே போன்ற பட்டைகள் உண்டு. பையின் வாரை உடுப்பின் பட்டைக்குள் ஒருமுறை, பையின் பட்டைக்குள் ஒருமுறை என்று மாற்றி மாற்றி, பாய் முடைவதுபோல் இறக்க வேண்டும். மைத்துனன் எல்லா வார்களையும் உடுப்பின் பட்டைகளுக்குள் மட்டும் நேராக இறக்கியிருந்தான். அதனால் பைகள் ஓடும்போது தனியாக ஓடின.

முடைந்து காட்டுவதற்கு முன்பு அவற்றில் பெரும்பாலானவற்றைக் கழற்றினேன். நெஞ்சிலிருந்து தள்ளி நிற்கும் எடை, அதே எடை உடம்போடு ஒட்டி இருப்பதைவிட அதிகமாகவே முதுகை வாங்கும். தவிர, முன்பக்கம் புடைத்திருந்தால் தண்டால் எடுக்கும்போது நெஞ்சு தரையைத் தொடாது. உண்மையிலேயே பெருஞ்சுமை தேவைப்படுகிறவர்கள் அதை மேலே குவிப்பதில்லை. தோட்டாவையும் தண்ணீரையும் இடுப்புப் பெல்ட்டுக்கு இறக்கி, இடுப்பெலும்பைச் சுமக்கவைப்பார்கள். கவசத்தின் கீழ்விளிம்புக்கும் அந்தப் பெல்ட்டுக்கும் இடையே உட்கார்ந்து எழ இடம் விட வேண்டும். அமெரிக்கத் தரைப்படையின் பழைய கையேட்டில் சண்டையிடும்போது சுமக்கும் எடை 48 பவுண்டைத் தாண்டக் கூடாது என்றும், நடைபயணச் சுமை 72 பவுண்டைத் தாண்டக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. களத்தில் அதை யாரும் மதித்ததாகத் தெரியவில்லை. ஆனால் புரதக் கட்டிகளுக்காக எந்தப் படையும் அந்த வரம்பை மீறியிருக்காது என்று அவனிடம் எடுத்துச் சொன்னேன். தண்ணீர்ப் பை போயிற்று, பவர் பேங்க் போயிற்று. திருநீறு மட்டும் இருக்கட்டும் என்று மாமியார் சொன்னதால் இருந்தது.

எல்லாம் கச்சிதமாக அமைந்து, அவன் கைகளைத் தூக்கியும் பஸ்கி போட்டும் பார்த்துக்கொண்டிருந்த வேளையில்தான் அது நடந்தது. இந்த வகை உடுப்புகளில் அவசர விடுவிப்பு வசதி உண்டு. காயம்பட்டாலோ நீரில் விழுந்தாலோ, ஒரே இழுப்பில் உடுப்பு முழுவதும் பிரிந்து விழுவதற்காக, வளையங்களுக்குள் கோத்த கம்பி ஒன்று உள்ளே ஓடும். அதன் நுனியில் உள்ள சிறு நாடா வெளியே தொங்கும். மாமியாரின் கண்ணில் அந்த நாடா பட்டது. “நூல் பிரிந்து தொங்குகிறதே” என்று சொல்லிக்கொண்டே வந்து ஓர் இழு இழுத்தார்.

முன்பாதி முன்னாலும் பின்பாதி பின்னாலுமாகப் பிளேட் கேரியர் கழன்று தரைவிரிப்பில் விழுந்தது. மைத்துனனின் கால் கட்டைவிரல் தப்பியதற்குத் திருநீற்றைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். அவன் பனியனோடு, தூக்கிய கைகளை இறக்காமல், அப்படியே நின்றான். மாமியார் கையிலிருந்த கம்பியையும் கீழே கிடந்ததையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “தையல் சரியில்லை, கடைக்காரனுக்கே திருப்பி அனுப்பிவிடு” என்று தீர்ப்பு சொன்னார்.

கழற்ற ஒரு நொடி. கோக்க ஒரு மாலைப்பொழுது. ஐ.ஓ.டி.வி. அணிந்த எவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். வளையத்தை அடுத்த துளைக்குள் நுழைத்து, அதன் தலையில் கம்பியைச் செலுத்தி, அது வழுக்குவதற்குள் அடுத்த வளையத்தைப் பிடிக்க வேண்டும்; நடுவில் ஒன்று விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நானும் அவனும் தரையில் உட்கார்ந்து கோத்தோம். மாமியார் பூத்தொடுக்கும் விரல்களோடு வந்து உட்கார்ந்த பிறகுதான் அது முடிந்தது. கடைசியில் அந்த நாடாவை உள்ளே மடித்து, மேலே ஒட்டுநாடா சுற்றினேன். போர்க்களத்தில் செய்யக் கூடாத காரியம். மாமியார் இருக்கும் வீட்டில் செய்தே ஆக வேண்டிய காரியம்.

ஒத்திகை நடை விடியற்காலையில் நடந்தது. தாடி வைத்த ஒருவன் கவச உடுப்போடு டெக்ஸஸ் குடியிருப்புத் தெருவில் இருட்டில் ஓடினால், போலீசை அழைப்பதற்கு அக்கம்பக்கத்தார் அதிக நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பளிச்சென்ற மஞ்சள் பனியனும் மின்னும் பட்டையும் கட்டாயம் என்றேன். அதைவிடப் பெரிய பாதுகாப்பு தானாகவே வந்தது: சேலைக்கு மேல் ஸ்வெட்டரும் காலில் ஓட்டக்காலணியுமாக மாமியாரும் உடன் நடந்தார். நாயோடு எதிரே வந்த பெண்மணி முதலில் தயங்கி நின்றார். மாமியார் கைகூப்பியதும் சிரித்துக்கொண்டே தாண்டிப் போனார்.

பயிற்சி நாளன்று நடந்ததைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஐந்து புல்-அப், பத்துத் தண்டால், பதினைந்து பஸ்கி என்று இருபது சுற்றுகளாகப் பிரித்து, புல்-அப்புக்கு ரப்பர்ப் பட்டையின் துணையோடு, கடைசி மைலைப் பெரும்பாலும் நடந்தே முடித்தான். தோளில் சிவப்பில்லை, விலாவில் உரசலில்லை. நான் பார்க்க விரும்பியது அதைத்தான்.

வியர்வை உப்பு ஏறிய உடுப்பைத் தகடுகளை எடுத்துவிட்டுக் குளிர்ந்த நீரில் மென்சோப்புப் போட்டுக் கையால் அலசி, வெல்க்ரோவை மூடி வைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். இதை மாமியாரிடம் சொன்னபோது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வெல்க்ரோவை மூடுவதை மட்டும் விட்டுவிட்டார். அது அவருடைய சுங்குடிச் சேலையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, விடுவிப்பதற்குள் ஒரு சாண் நூலை உருவிவிட்டது. அன்று முதல் அவருக்கும் அந்த உடுப்புக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தகடுகளோடு அப்படிப் பகை எதுவும் இல்லை போலும். அடுத்த சனிக்கிழமை மைத்துனன் வந்து முன்தகட்டைத் தேடியபோது, அது சமையலறையில் துணி சுற்றிய பனீரின் மேல் இருந்தது. “நன்றாக இறுகட்டும், பன்னிரண்டு மணிக்கு மேல் எடுத்துக்கொள்” என்றார்.