திரை இறக்கிய நீச்சல் தடாகம்

ரொறன்ரோவுக்குப் போய் மூன்றாம் நாள் காலை, பெரியம்மா கதவைத் தட்டினார். "பிள்ளை, துவாய் கொண்டு வந்தனியோ? பின்னேரம் நீந்தப் போறம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பருத்தித்துறையில் கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளிப் பிறந்தவர், கணுக்காலுக்கு மேல் தண்ணீர் பட விட்டதில்லை. அறுபத்தைந்து வயதில் நீச்சலா?

பெரியம்மா 1989இல் வந்து இறங்கியது சென்ற் ஜேம்ஸ் ரவுணில். பத்தொன்பது உயரமான தொடர்மாடிகள் நெருக்கியடித்து நிற்கும் இடம். அந்தக் காலத்தில் வந்த எங்கள் சனத்தில் நிறையப் பேருக்கு முதல் முகவரி அதுதான். பிறகு ஸ்கார்பரோ, மார்க்கம் என்று வீடு வாங்கிப் போய்விட்டார்கள். பெரியம்மா அசையவில்லை. லிப்ற் பழுதான நாளில் பதினோராம் மாடிக்கு நடந்தேறும்போது மட்டும் எல்லோரையும் திட்டுவார்.

பார்லிமென்ற் தெருவால் தெற்கே நடந்தோம். 1797இல் கட்டிய மேல் கனடாவின் (இன்றைய ஒன்ராறியோவின் பழைய பெயர்) முதல் பாராளுமன்றக் கட்டடம் இந்தத் தெருவின் தெற்கு முனையில் இருந்ததால் அந்தப் பெயர். இடது கைப்பக்கம் கபேஜ்ரவுண். ஒரு காலத்தில் ஐரிஷ் ஏழைகள் வீட்டு முற்றத்தில் கோவா (முட்டைக்கோஸ்) நட்ட இடம் என்பார்கள். இன்று அந்த வீடுகளின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதைத் தாண்டி இருபது நிமிட நடையில் ரீஜன்ற் பார்க். ரொறன்ரோ சென்ரர் தொகுதிக்குள் இப்படித்தான், தெருவுக்குத் தெரு வேறு உலகம்.

ரீஜன்ற் பார்க், கனடாவில் குறைந்த வருமானக்காரருக்காக அரசாங்கம் பெரிய அளவில் கட்டிய முதல் வாடகைக் குடியிருப்பு. 1948இல் வேலை தொடங்கியது. பழைய தெருக்களை மூடி, செங்கல் கட்டடங்களைப் புல்வெளிக்கு நடுவே நிறுத்தினார்கள். குறுக்கே போக வழியில்லாத இடத்துக்குள் வெளியாள் ஏன் வரப்போகிறான்? அது தனித் தீவாகிப் போனது. 2005இல் கட்டம் கட்டமாக இடிக்கத் தொடங்கியவர்கள் தெருக்களைத் திரும்பத் திறந்தார்கள். இந்தப் புதுப்பிப்புக்குப் போன பணத்தில் எனக்கு மிகவும் பிடித்த செலவு இந்தத் தெருக்கள்தான்.

கணக்கு இப்படி: வருமானத்துக்கேற்ற வாடகை வீடுகள் 2,083. அத்தனையையும் திரும்பக் கட்ட வேண்டும். அதே நிலத்தில் தனியார் மாடிவீடுகளும் எழும்பும். அந்த விற்பனையில் வரும் காசும் இதற்குள் போகும். பழைய குடிகளுக்குத் திரும்பி வரும் உரிமை உண்டு. ஆனால் உரிமை வேறு, வருடக்கணக்காகக் காத்திருப்பது வேறு.

ரீஜன்ற் பார்க்கின் நீச்சல் தடாகம் 2012இல் திறந்தது. 2017இல் காலமான நகரசபை உறுப்பினர் பாம் மக்கொனலின் பெயர் இப்போது அதற்கு. உள்ளே போகக் காசு இல்லை. உடை மாற்றும் கூடம் ஆண், பெண் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் ஒன்றுதான். கதவு போட்ட சிறு அறைகள். சுவர் முழுக்கக் கண்ணாடி, வெளியே பூங்கா. பெண்கள் மட்டும் நீந்தும் நேரம் வந்ததும் கண்ணாடியில் திரை இறங்கியது.

அதுவரை கரையில் குந்தியிருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். முழங்கால் மறைத்த உடையோடு சோமாலியப் பெண்கள், ஒரு சீனப் பாட்டி, இளம் வங்காளிப் பெண்கள். பெரியம்மா கம்பியைப் பிடித்தபடி கால் அடித்தார். பிறகு கையை விட்டு, மூன்று முழம் போயிருப்பார், மிதந்தார். நான் கரையில் நின்று கை தட்டினேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை, பார்வை கூரையில்.

பெரியம்மாவுக்குத் தண்ணீரில் கைகொடுத்தது ஒரு வங்காளதேசத்து அக்கா. பழைய கட்டடம் இடிபட்டபோது நாலு வருடம் வேறு இடத்தில் இருந்து திரும்பியவர். புது வீடு எப்படி என்று கேட்டேன். குளியலறை நல்லது என்றார். பிறகு, "முந்தி ஜன்னலால் கூப்பிட்டால் எதிர்க் கட்டடத்துச் சினேகிதி வருவாள். இப்ப போன் எடுக்க வேணும்." பக்கத்துத் தனியார் மாடியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார். தடாகம் பொதுதான். வாசல்கள் வேறு வேறு.

திரை ஏறியது. பெரியம்மாவும் அவரும் அரைகுறை ஆங்கிலத்தில் மீனுக்கு வந்துவிட்டார்கள். இலிஷ் மீனில் முள் அதிகம் என்று பெரியம்மா, எடுக்கத் தெரியாதவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள் என்று அவர். அடுத்த கிழமை பொரித்துக் கொண்டு வருகிறாராம். நான் அதற்குள் ஊருக்குப் பறந்துவிடுவேன்.