சென்சரை அப்புறம் வாங்கலாம், முதலில் வால்வைப் பாருங்கள்

மதிலோரம் 20 சாக்கில் கத்தரியும் மிளகாயும் வைத்து, தண்ணீர் தானாகப் போகட்டும் என்று நினைப்பவர்கள் முதலில் வாங்குவது ஈரப்பத சென்சர். வவுனியா, கிளிநொச்சி நகர வளவுகளில் தொகுதியைப் படுக்கவைப்பது பெரும்பாலும் சென்சர் அல்ல. ஒன்று வால்வு, மற்றது கிணற்றுத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு.

மலிவான அரை அங்குல 12 வோல்ற் சொலினொயிட் (மின்காந்தத்தால் திறக்கும்) வால்வுகளில் பெரும்பாலானவற்றில் உள்ளே ஒரு ரப்பர்த் தகடு இருக்கும். அதைத் தூக்குவது நீரின் அழுத்தம்தான். குறைந்தது 0.02 மெகாபாஸ்கல், அதாவது 2 மீற்றர் உயர நீர் வேண்டும். தாழ்வான பரலில் இதைப் பூட்டினால் ‘டிக்’ என்று சத்தம் மட்டும் கேட்கும், தண்ணீர் வராது. பிறகு ரிலேயில் (வால்வுக்கு மின் கொடுக்கும் சுவிட்சில்) பிழை, புரோகிராமில் பிழை என்று நாள் போகும். மோட்டர் பூட்டிய பந்து வால்வு, துளையுள்ள பந்து ஒன்றைச் சுழற்றித் திறப்பதால் அதற்கு அழுத்தம் தேவையில்லை. வாங்கும்போது, கறண்ட் நின்றால் தானே மூடும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண வகை, நின்ற இடத்திலேயே திறந்தபடி கிடக்கும்.

கூரைத் தாங்கியோடு நேரே இணைக்காதீர்கள். ஒரு வயர் கழன்றாலே வீட்டுத் தண்ணீர் முழுக்க நிலத்துக்குப் போய்விடும். தனியாக 60 லீற்றர் பரல் ஒன்றை வைத்து நாளுக்கு ஒருமுறை நிரப்புங்கள். பிழைத்தாலும் இழப்பு 60 லீற்றர்தான். மிதவை வால்வு போட்டுத் தானாக நிரம்பவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

பரலின் உயரத்தை நிலத்திலிருந்து அளக்காமல் சாக்கின் வாயிலிருந்து அளந்துகொள்ளுங்கள். பரலின் அடி அதற்கு 1.2 மீற்றர் மேலே இருந்தால், உள்ளே நிற்கும் நீரையும் சேர்த்து சராசரி 1.5 மீற்றர், அதாவது ஏறத்தாழ 0.15 பார். 1 பார் அழுத்தத்தில் மணிக்கு 4 லீற்றர் விடும் சொட்டி (சாக்கில் சொட்டுச் சொட்டாக நீர் விடும் முனை) இங்கே 1.5 லீற்றர் அளவில்தான் விடும். சாக்குக்கு 2 லீற்றர் கொடுக்க 80 நிமிடம் எடுக்கும். அழுத்தம் சமன்செய்யும் சொட்டிகளுக்கு இந்த அழுத்தம் போதாது, சாதாரணத் திருகு வகையே போதும். 16 மில்லிமீற்றர்க் குழாயை மட்டமாக ஓடவிடுங்கள். ஒரு சொட்டி 30 சென்ரிமீற்றர் மேலே இருந்தாலே அதில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் குறையும்.

இனிச் சுண்ணாம்பு. சட்டியின் அடியில் வெள்ளை படிகிற தண்ணீர் என்றால் சொட்டியிலும் படியும். பரலிலிருந்து தண்ணீர் வெளியேறும் துளையை அடியிலிருந்து 5 சென்ரிமீற்றர் மேலே இடுங்கள், மண்டி கீழேயே தங்கும். அதற்கடுத்து 120 மெஷ் வடிகட்டி. மாதம் ஒருமுறை சொட்டிகளைக் கழற்றி இரவு முழுக்க வினாகிரியில் ஊறவிடுங்கள். ஊசியால் குத்தினால் துளை பெருத்து, அந்தச் சாக்கு மட்டும் சதுப்பாகும்.

சென்சர் துருப்பிடிக்காத கொள்ளளவு (கபாசிற்றிவ்) வகையாக இருக்கட்டும். அதிலுள்ள சிப்பில் டி.எல்.சி.555 என்று இருக்கிறதா பாருங்கள். என்.ஈ.555 என்றால் 3.3 வோல்ற்றில் ஒழுங்காக ஓடாது. பலகையின் வெட்டு விளிம்பு தண்ணீரை உறிஞ்சும், கியூட்டெக்ஸ் இரண்டு பூச்சுப் பூசுங்கள். கட்டுப்பாட்டுப் பலகை ஈஎஸ்பி32 என்றால் சென்சர் வயரை 34ஆம் காலில் கொடுங்கள், அது முதலாவது ஏடிசியைச் (சென்சரின் வோல்ற்றை எண்ணாக மாற்றும் பகுதியை) சேர்ந்தது. வைஃபை ஓடும்போது இரண்டாவது ஏடிசியின் கால்கள் வாசிக்காது. சொட்டிக்கு நேர் கீழே குத்தாமல் 10 சென்ரிமீற்றர் தள்ளிக் குத்துங்கள். காய்ந்த அளவு, நனைந்த அளவு இரண்டையும் உங்கள் சாக்கு மண்ணிலேயே எடுக்க வேண்டும்.

சாக்கில் வெறும் செம்மண்ணை நிரப்பினால் காய்ந்து சுருங்கி, சென்சரைவிட்டு விலகி நிற்கும். இடையில் காற்று, வாசிப்போ ‘வறட்சி’. இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய மாட்டெரு, ஒரு பங்கு தும்புத்தூள் கலந்தால் இது குறையும். சாக்காக எடுக்கும் யூரியா உரப்பை வெயிலில் நூல் நூலாகப் பிரியும், செடிக்கு வெயில் பட்டாலும் பை நிழலில் இருக்கும்படி வையுங்கள்.

புரோகிராமில் திறக்கும் அதிகாரத்தைச் சென்சருக்குக் கொடுக்காதீர்கள். காலை 6 மணிக்கு நேரக்கணிப்பான் திறக்கட்டும், மண் ஈரமாக இருந்தால் சென்சர் அதைத் தடுக்கட்டும், 80 நிமிடத்தில் கட்டாயம் மூடட்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் மாலையிலும் ஒரு 30 நிமிடம் வேண்டிவரும், அதற்குப் பரலில் தண்ணீர் போதும். மாரியில் சென்சர் வாரக்கணக்காக வால்வைத் திறக்கவிடாது. அப்போதும் வாரம் ஒருமுறை கையால் கட்டளை கொடுத்துத் திறந்து மூடுங்கள். சுண்ணாம்பு பிடித்துப் பந்து இறுகிய பிறகு மோட்டர் இழுத்தால் உடைவது அதன் பிளாஸ்ரிக் பற்சக்கரம்தான்.