ரோபோவுக்கு லைற் பூட்டுகிற நாட்கள்

செப்டெம்பர் 6, சனி

போட்டிக்கு இன்னும் இரண்டு கிழமைதான். ரோபோவின் கை கட்டையை இன்னும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை, அதற்குள் பெடியள் ரவுணுக்குப் போய் 12 வோல்ற் எல்ஈடி சுருள் ஒன்றை வாங்கிவந்து மேசையில் விரித்து வைத்திருக்கிறார்கள். ஓட்டோக்களில் ஒட்டுகிற அதே சாமான்.

லைற் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரோபோ தானாக ஓடும்போது அதன் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று தள்ளி நிற்கிற எங்களுக்கு எப்படித் தெரியும்? தரையில் போட்ட கோட்டைத் தேடுகிறதா, தூக்க வேண்டிய கட்டையைக் கண்டுவிட்டதா, பற்றறி இறங்கிவிட்டதா, ஒன்றும் விளங்காது. அமெரிக்காவில் தொடங்கிய ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் போட்டியில் ஒவ்வொரு ரோபோவிலும் செம்மஞ்சள் லைற் ஒன்று கட்டாயம். விடாமல் எரிந்தால் கரண்ட் இருக்கிறது, ஆனால் அசையாது. விட்டு விட்டு மின்னினால் எந்த நேரமும் பாயலாம், கையை வைக்காதே என்று அர்த்தம். எங்களுக்கும் அந்த மாதிரித்தான் வேண்டும்.

அதற்கு இந்த 12 வோல்ற் சுருள் சரிவராது. மூன்று மூன்று எல்ஈடியாகத் தொடராகக் கோர்த்து முழுவதும் ஒரே நிறத்தில் எரியும், அவ்வளவுதான். ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறம் மாற்ற டபிள்யூஎஸ்2812பி என்கிற 5 வோல்ற் சுருள் வேண்டும். கொழும்புக்கு ஓடர் போட்டாயிற்று. வாங்கிய சுருள் கொட்டிலுக்கு வெளிச்சமாகட்டும்.

செப்டெம்பர் 9, செவ்வாய்

கூரியர் வந்துவிட்டது. வயர் வேலை பார்க்கிற தம்பி வந்த கையோடு அதை ரோபோவின் மூளையான அர்டுயினோ யூனோவின் 5 வோல்ற் பின்னில் கொழுவப் பார்த்தான், பிடித்து நிறுத்திக் கணக்குப் போட வைத்தேன். ஒரு எல்ஈடி முழு வெள்ளையில் எரிந்தால் சுமார் 60 மில்லி அம்பியர், எங்களுடையது 30 எல்ஈடி, ஆக 1.8 அம்பியர். யூனோவின் சின்ன ரெகுலேற்றர் 12 வோல்ற்றை 5 ஆக்க மிச்சம் 7 வோல்ற்றையும் சூடாகத்தான் கக்க வேண்டும், இந்தப் பாரத்துக்கு அது தாங்காது.

அதனால் லைற்றுக்கென்று தனியாக, பற்றறியின் வோல்ற்றளவை இறக்கித் தருகிற எல்எம்2596 பக் மொடியூல் ஒன்று. அதை வாங்கியபடியே பூட்டக் கூடாது. முதலில் பற்றறியை மட்டும் கொடுத்து, வெளிப்பக்கத்தில் மல்ரிமீற்றரை வைத்துக்கொண்டு, அந்த நீலப் பெட்டியின் பித்தளைத் திருகை மெல்ல மெல்லத் திருப்ப வேண்டும். எங்களுடையதில் முதலில் 11 வோல்ற்றுக்கு மேல் காட்டியது, கனக்கச் சுற்று சுற்றியும் அசையவேயில்லை, பிறகு திடீரென்று இறங்கத் தொடங்கி 5.02இல் நின்றது. அப்படியே பூட்டியிருந்தால் 30 எல்ஈடியும் போயிருக்கும்.

சுருளின் வாயில் 1000 மைக்ரோபரட் கப்பாசிற்றர், டேற்றா வயரில் 470 ஓம் ரெசிஸ்ரர். அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் சிக்னல் போகும், மாறிக் கொடுத்தால் ஒன்றும் எரியாது. மைனஸ் வயர்கள் எல்லாம் ஓரிடத்தில் சேர வேண்டும், இல்லாவிட்டால் நிறங்கள் பேய் பிடித்தமாதிரி மாறும்.

செப்டெம்பர் 13, சனி

லைற் எரிகிறது, ஆனால் கை நடுங்குகிறது. கட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற நேரத்தில் ஒரு வெட்டு வெட்டிக் கீழே போட்டுவிடுகிறது. எல்லோரும் பற்றறியைத்தான் சந்தேகப்பட்டார்கள். மீற்றரை வைத்துப் பார்த்தால் வோல்ற்றளவு அசையவில்லை. புரோகிராம் எழுதுகிற தங்கச்சி கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணை, நிறம் மாறேக்கதான் கை வெட்டுது. ஒரே நிறத்தில நிண்டா வெட்டேல்ல."

அவள் சொன்னது சரி, காரணமும் அதிலேயே இருக்கிறது. ஒரு எல்ஈடிக்கு நிறம் சொல்ல 24 பிற், ஒரு பிற்றுக்கு 1.25 மைக்ரோசெக்கன், ஆக எல்ஈடி ஒன்றுக்கு 30 மைக்ரோசெக்கன். 30 எல்ஈடிக்கும் அனுப்பி முடிய கிட்டத்தட்ட 0.9 மில்லிசெக்கன் போகும். இந்தச் சிக்னலின் நேரம் கொஞ்சமும் பிசகக் கூடாது என்பதால் யூனோவில் லைற்றை ஓட்டுகிற லைப்ரரி (ஆயத்தப் புரோகிராம்) அனுப்பி முடியும்வரை இன்டரப்ட் எல்லாவற்றையும், அதாவது மற்ற வேலைகள் இடைமறித்துக் கூப்பிடுவதை, நிறுத்தி வைக்கிறது. கையை அசைக்கிற சேர்வோ மோட்டரோ 1 முதல் 2 மில்லிசெக்கன் நீளமான பல்சைப் பார்த்துத்தான் எந்தக் கோணத்தில் நிற்பது என்று முடிவெடுக்கிறது, அந்தப் பல்சை முடித்து வைப்பதும் ஒரு இன்டரப்ட்தான். அது 0.9 பிந்தினால் கை எங்கே போகும்? கிட்டத்தட்ட முழுக் கோணமும் தாண்டப் பார்க்கும்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

லைற்றுக்குத் தனி மூளை. யூனோவின் சின்ன வகையான பழைய நானோ ஒன்று லாச்சிக்குள் கிடந்தது. யூனோவிலிருந்து அதற்கு சீரியலில், எழுத்தெழுத்தாக, கட்டளை அனுப்பலாம் என்று தங்கச்சி சொன்னாள், நான் மறித்தேன். நானோவும் லைற்றுக்கு அனுப்புகிற நேரம் காதைப் பொத்திக்கொண்டுதானே இருக்கும், செக்கனுக்கு 115200 பிற் வேகத்தில் ஒரு எழுத்து வர 87 மைக்ரோசெக்கன்தான், வருகிற எழுத்துகள் தவறிப்போகும். வெறும் இரண்டு வயர் போதும்: இரண்டிலும் வோல்ற்றளவு தாழ்வு என்றால் நீலம், தயார், ஒன்று உயர்வு என்றால் மஞ்சள், கோட்டைத் தேடுகிறது, மற்றது உயர்வு என்றால் பச்சை, கட்டை கையில், இரண்டும் உயர்வு என்றால் சிவப்பு, பற்றறி. வயரில் நிற்கிற வோல்ற்றளவு எங்கேயும் ஓடிவிடாது, நானோ ஆறுதலாக வந்து பார்த்துக்கொள்ளலாம்.

பற்றறியை அளக்க, வோல்ற்றளவைப் பிரிக்கிற 30 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்ரர்கள். நிறைந்திருக்கும்போது 12.6 வோல்ற், யூனோவுக்குத் தெரிவது அதன் கால்வாசி, 3.15. 10.5க்குக் கீழே இறங்கினால் சிவப்பு.

கை இப்போது ஆடவில்லை. மத்தியானம் முழுக்க ஓட்டினோம்.

செப்டெம்பர் 17, புதன்

சிவப்புக் கட்டையையும் செம்மஞ்சள் கட்டையையும் நிறச் சென்சர் குழப்புகிறது, அதுவும் மஞ்சள் லைற் எரிகிற நேரத்தில் மட்டும். முன்பக்கத்து எல்ஈடி நாலையும் புரோகிராமில் அணைத்து, சென்சரைச் சுற்றிக் கறுப்பு ரேப். முடிந்தது.

மொத்தப் பிரகாசத்தையும் 255இல் 60க்கு இறக்கிவிட்டேன். மொடியூல் இப்போது தொட்டால் வெதுவெதுப்புத்தான். மண்டபத்தில் தெரியாது என்று ஒரே முறைப்பாடு. வெயிலில் கொண்டுபோய்ப் பார்க்கிறவனுக்குத் தெரியாதுதான்.

செப்டெம்பர் 20, சனி, கொழும்பு

இரவு பஸ்ஸில் வந்து இறங்கி, முகம் கழுவின கையோடு போட்டி. முதல் ஓட்டம் நல்லது. இரண்டாவதில் ரோபோ நடுவில் நின்றுவிட்டது, பக்கத்தில் நின்றவர்கள் "பற்றறி, பற்றறி" என்று கத்துகிறார்கள், லைற் மஞ்சள். சிவப்பில்லை. தம்பி பற்றறிப் பக்கமே போகவில்லை, நேரே கோட்டுச் சென்சரின் அளவுகளைப் பார்த்தான். மண்டபத் தரை நாங்கள் ஓட்டிப் பழகிய பலகையைவிட மினுக்கம், கறுப்புக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் குறைந்துவிட்டது. கறுப்பா வெள்ளையா என்று பிரிக்கிற எல்லை அளவைத் திருத்திக்கொண்டு மூன்றாவது ஓட்டத்தை முழுதாக முடித்தோம். பரிசு இல்லை, நடுவில் எங்கேயோ வந்தோம்.

வானவில் மின்ன வேண்டும் என்று முதல் நாளிலிருந்து நச்சரித்த சின்னவனுக்காக, ஓட்டம் முடிந்து மோட்டர் எல்லாம் நின்ற பிறகு மட்டும் வருகிறமாதிரி அதையும் தங்கச்சி எனக்குத் தெரியாமல் நானோவுக்குள் போட்டிருந்திருக்கிறாள். நடுவர் வந்து அதைத்தான் படம் எடுத்தார், கையை இல்லை.